நம்ம பொண்ணு ஜெயிப்பாளா? – ஓட்டப் போட்டியின் முடிவை முன்கூட்டியே சொல்ல முடியுமா



போன டிசம்பரில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு எழுதி முடித்து, கடன் கேட்பவர்கள் பட்டியலுக்கு வந்தோம். ஒரு உறுப்பினர் எழுந்து ஐயாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதும், "பொண்ணு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துல மாவட்டத்துல தேர்வாயிட்டா. ஜனவரியில மாநிலப் போட்டி. ஷூ வாங்கணும், பஸ் செலவு, ரெண்டு நாள் சாப்பாடு" என்றார்.

கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, காலேஜ் ஃபீஸ் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று எத்தனையோ கடன் அந்தக் குழு கொடுத்திருக்கிறது. ஓட்டப் பந்தயத்துக்குக் கொடுத்ததில்லை. பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர், "அதெல்லாம் சரி. பொண்ணு ஜெயிப்பாளா? அதை முதல்ல சொல்லு" என்றார். ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, வேலை என்று ஏதாவது வரும், இல்லாவிட்டால் பணம் போனது போனதுதானே என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது, அது குழுவின் பணம். அந்த அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். படிச்சவங்க, ஊர் சுத்தறவங்க, இவங்களுக்குத் தெரியும் என்று.

நாங்களும் சும்மா இருக்காமல், பொண்ணு ஓடின பழைய போட்டிகளின் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "முதல் பத்து இடத்துக்குள்ள வந்துடுவா" என்று சொல்லிவிட்டோம். என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை விளையாட்டு ஆசிரியர்களிடமும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் கேட்டு, புத்தகங்களையும் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நம் கூட்டமைப்பில் ஓடுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் இதே கேள்வி வரும்.

மேடு பள்ளத்தில் ஓடுவது

கிராஸ் கன்ட்ரி என்பது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடும் ஓட்டம் இல்லை. புல் தரை, மண் பாதை, ஏற்றம், இறக்கம், சில இடங்களில் சேறு என்று இருக்கிற நிலத்தில் இருக்கிறபடி ஓடுவது. நமது தேசியப் போட்டியில் 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 2 கிலோமீட்டர், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 4 கிலோமீட்டர், 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு 6 கிலோமீட்டர். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். முதல் நிமிஷத்தில் இடிபாடுதான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற காலம் ஞாபகம் இருப்பவர்களுக்குப் புரியும்.

உலக கிராஸ் கன்ட்ரி போட்டி 1973-ல் பெல்ஜியம் நாட்டில் வாரெகெம் என்ற ஊரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கு அந்த வருடமே தனி ஓட்டம் வைத்தார்கள். இளம் பெண்களுக்குத் தனி ஓட்டம் வந்தது 1989-ல்தான். பதினாறு வருஷம்! (அங்கேயும் நமக்குக் கடைசிப் பந்திதான்.) இன்று 20 வயதுக்குட்பட்ட பெண்கள் அதில் 6 கிலோமீட்டர் ஓடுகிறார்கள்.

எதை வைத்துக் கணிக்கிறார்கள்

முதலில் நாங்கள் நினைத்தது, "எத்தனை நிமிஷத்தில் ஓடினாள் என்று பார்த்தால் போதுமே" என்று. போதாது. ஒரு ஊரில் தரை சமமாக, இறுக்கமாக இருக்கும். இன்னொரு ஊரில் மணல், ஏற்றம். அதே பொண்ணு அதே தூரத்தை இங்கே 15 நிமிஷத்திலும் அங்கே 17 நிமிஷத்திலும் ஓடுவாள். இரண்டு நாளும் அவள் உழைப்பு ஒன்றுதான். நேரத்தை மட்டும் ஒப்பிடுவது, ஆற்றுப் பாசன வயலின் விளைச்சலையும் மானாவாரி வயலின் விளைச்சலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல ஆகிவிடும்.

அதனால் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் நேரத்தை இரண்டாவதாகத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்ப்பது, யார் யாரை முந்தினார்கள் என்பது. நம்ம பொண்ணு மாவட்டப் போட்டியில் ஒரு பொண்ணை 10 விநாடியில் முந்தினாள். அந்தப் பொண்ணு வேறு ஒரு போட்டியில் பக்கத்து மாவட்டப் பொண்ணுக்கு 5 விநாடி பின்னால் வந்தாள். அப்படியென்றால் நம்ம பொண்ணும் பக்கத்து மாவட்டப் பொண்ணும் ஏறக்குறைய சமம், நம்ம பொண்ணு கொஞ்சம் முன்னே என்று ஒரு முடிவுக்கு வரலாம். சம்பந்தம் பேசும்போது "அவங்க நம்ம சித்தப்பா வகையில..." என்று ஆள் பிடித்துப் போகிறோமே, அதே மாதிரி சங்கிலி. ஒரு கண்ணி மட்டும் இருந்தால் நம்ப முடியாது. நாலைந்து பேர் வழியாக ஒரே பதில் வந்தால் நம்பலாம்.

அடுத்தது, ஒரு போட்டியைப் பார்க்கக் கூடாது. கடைசி மூன்று நாலு போட்டிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஏறுகிறாளா, நிற்கிறாளா, இறங்குகிறாளா? பழைய வெற்றியைவிடப் புதிய போக்குக்குத்தான் மதிப்பு அதிகம். இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் சறுக்கியது இங்கேதான்.

மைதானத்தில் ஓடின 3000 மீட்டர் நேரமும் உதவும். அது சமதரை என்பதால் ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். ஆனால் மேட்டில் நன்றாக ஏறுகிற பிள்ளைகளும், மேட்டைப் பார்த்தாலே திணறுகிற பிள்ளைகளும் உண்டு. பெரிய பயிற்சி மையங்களில் மூக்கு வாயில் முகமூடி மாட்டி, ஓடும் மிஷினில் ஓட விட்டு, உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளக்கிறார்கள். பயிற்சி உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்ட அது நல்ல சோதனை. முன்வரிசையில் சேர்ந்து ஓடும் பத்துப் பேரில் யார் முதலில் வருவார் என்பதை அது சொல்லாது. அந்தப் பத்துப் பேருக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

சகோதரிகளே, யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதுசு இல்லை. கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால் திருப்பிக் கட்டுவாரா என்று எப்படி முடிவு செய்கிறோம்? அவர் பேச்சை வைத்தா? கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறாரா, சேமிப்பு விட்டுப்போகாமல் கட்டுகிறாரா, போன கடனின் கடைசித் தவணைகள் தள்ளிப் போயினவா என்று நோட்டைத்தான் பார்க்கிறோம். பயிற்சியாளர் பார்ப்பதும் இதே நோட்டுதான். வங்கிக்காரரைவிட நாம் அதிகம் சரியாகச் சொல்வோம், ஏனென்றால் வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அதே போல ஓடுகிற பிள்ளையைப் பற்றி மிஷினுக்குத் தெரியாத ஒன்று அம்மாவுக்குத் தெரியும்.

குழுவுக்கு ஒரு கணிப்பு, ஆளுக்கு ஒரு கணிப்பு

கிராஸ் கன்ட்ரியில் அணிப் பரிசும் உண்டு. உலகப் போட்டியின் இளையோர் ஓட்டத்தில் ஒரு நாட்டிலிருந்து ஆறு பேர் வரை ஓடலாம். அதில் முதலில் வரும் நாலு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். முதலிடத்துக்கு ஒன்று, ஐந்தாமிடத்துக்கு ஐந்து. கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அந்த நாட்டுக்குத் தங்கம். அணியின் முடிவைக் கணிப்பது சுலபம். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒருத்தி விழுந்தாலும், மற்றவர்கள் தாங்கிவிடுவார்கள். கென்யாவும் எத்தியோப்பியாவும் இளம் பெண்கள் அணிப் பரிசில் முன்னால் நிற்கும் என்று யாரும் தைரியமாகச் சொல்லலாம். அந்த நாடுகளின் ஆறு பெண்களில் யார் முதலில் வருவார் என்று கேட்டால்தான் தலையைச் சொறிய வேண்டும்.

2019-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் உலகப் போட்டி. அங்கே ஒரு அருங்காட்சியகத்தின் சரிவான புல் கூரைமேல் ஏறி இறங்கி ஓட வேண்டும். 20 வயதுக்குட்பட்ட பெண்கள் ஓட்டத்தில் மூன்று பேர் ஒன்றாக எல்லைக்கோட்டுக்கு வந்தார்கள். மூன்று பேருக்கும் எழுதப்பட்ட நேரம் ஒன்றே: 20 நிமிடம் 50 விநாடி. கென்யாவின் பீட்ரிஸ் செபெட்டுக்குத் தங்கம், எத்தியோப்பியாவின் அலெமிட்டு தாரிக்குவுக்கு வெள்ளி, அதே நாட்டு ட்சிகே கெப்ரெசெலாமாவுக்கு வெண்கலம். ஆறு கிலோமீட்டர் ஓடி, நெஞ்சு எவ்வளவு முன்னால் சாய்ந்தது என்பதில் முடிவு! இந்த மூவரும் முன்னால் வருவார்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது திறமை. மூன்று பேரையும் வரிசை மாறாமல் சொல்லியிருந்தால் அது அதிர்ஷ்டம்.

பெரியவர்கள் ஓட்டத்திலேயே கணிப்பு பொய்த்துப் போகிறது. எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கேலே 2002-லிருந்து 2006 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து குறுந்தூரம், நெடுந்தூரம் இரண்டிலும் உலக கிராஸ் கன்ட்ரி தங்கம் வாங்கியவர். 2007-ல் கென்யாவின் மொம்பாசாவில் கடற்கரை வெயிலும் புழுக்கமும் தாங்காமல் ஓட்டத்தை முடிக்காமலே விலகிவிட்டார். 2017-ல் உகாண்டாவின் கம்பாலாவில் சொந்த நாட்டுக் கூட்டம் ஆர்ப்பரிக்க ஜோஷுவா செப்டெகெய் முன்னால் ஓடினார். கடைசிச் சுற்றில் கால் பின்னிப்போய் 30-ஆவதாக முடித்தார். ஆரம்பத்தில் அதிக வேகம், மேலே வெயில். இரண்டு வருஷம் கழித்து அதே ஆர்ஹஸ் போட்டியில் அவர்தான் தங்கம்.

2023-ல் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட்டில் நடந்ததைக் கேட்டால் மனசு கஷ்டப்படும். எத்தியோப்பியாவின் லெட்டெசென்பெட் கிடே இளையோர் ஓட்டத்தில் 2015, 2017 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். பெரியவர்கள் ஓட்டத்தில் முன்னால் வந்து, எல்லைக்கோடு எதிரில் தெரிகிற தூரத்தில் தடுமாறி விழுந்தார். பின்னால் வந்த பீட்ரிஸ் செபெட் தாண்டிப் போய்த் தங்கம் வாங்கினார். விழுந்தவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டதால், வெளியாள் உதவி என்று அவருக்கு இடமே இல்லாமல் போனது.

வளரும் வயசில் கணக்கு ஏன் மாறுகிறது

பிள்ளைகளைப் பற்றிக் கணிப்பது பெரியவர்களைவிடக் கஷ்டம். காரணம், உடம்பே மாறிக்கொண்டு இருக்கிறது. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயசு வாக்கில் வேகமாக உயரம் கூடுகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இது சுமார் 14 வயசில். முன்னால் பெரியவளான பொண்ணு 13 வயசில் எல்லோரையும் முந்துவாள், ஏனென்றால் கால் நீளம், பலம் முதலில் வந்துவிட்டது. பின்னால் வளர்கிற பொண்ணு மூன்று வருஷத்தில் எட்டிப் பிடித்துவிடுவாள். இதற்கிடையில் இடுப்பு அகன்று, எடை கூடி, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஒரே இடத்தில் நிற்கிற பெண்களும் நிறைய. அந்த நேரத்தில் "இவ்வளவுதான் இவ" என்று நிறுத்திவிடுகிற குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பையனுக்கு அந்த வயசில் பலம் கூடுகிறது, அவனை யாரும் நிறுத்துவதில்லை.

பிறந்த மாதமும் விளையாடும். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒன்றாக ஓடுவார்கள். ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம். 14 வயசில் ஒரு வருஷம் என்பது பெரிய விஷயம்.

எத்தியோப்பியாவின் திருனேஷ் டிபாபா 2001-ல், 15 வயசில், உலக இளையோர் ஓட்டத்தில் ஐந்தாவது வந்தார். 2002-ல் இரண்டாவது. 2003-ல் முதலிடம். பிறகு ஒலிம்பிக் தங்கம் மூன்று வாங்கினார். கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன் 2010-ல், 16 வயசில், வெறுங்காலில் ஓடி நாலாவது. அடுத்த வருஷம் தங்கம். பின்னாளில் 1500 மீட்டரில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தக் கதைகளை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. பல நாட்டு வீரர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், 17, 18 வயசில் சர்வதேச அளவில் ஓடின, விளையாடின பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெரியவர்களாகி அந்த அளவை எட்டவில்லை என்று தெரிந்தது. பெரியவர்களாகி சர்வதேச அளவுக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அந்த வயசில் சர்வதேசப் பட்டியலிலேயே இல்லை. 16 வயசில் வந்த பதக்கத்தை வைத்து 26 வயசுக்குக் கணக்குப் போட முடியாது. பதக்கம் வரவில்லை என்பதை வைத்தும் முடியாது.

அம்மாவுக்கு மட்டும் தெரிகிற கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கூட்டத்தில் சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது.

நீண்ட தூரம் ஓட ஆக்சிஜன் வேண்டும். அதைச் சுமந்து போவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். நம் நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் 54. குறையவில்லை, கூடியிருக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 11-க்குக் கீழே போனால் நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமை. வீட்டு வேலை செய்கிற, பள்ளிக்கூடம் போகிற பொண்ணுக்கு 10 இருந்தாலும் வெளியே தெரியாது. ஓடுகிற பொண்ணுக்கு முதலில் மேட்டில் தெரியும். மூச்சு வாங்கும், கால் கனக்கும், போன மாதம் முந்தினவளை இந்த மாதம் முந்த முடியாது. வீட்டில் "சோம்பேறித்தனம்" என்போம். டீச்சர் "கவனம் இல்லை" என்பார்.

மாதவிலக்கில் ரத்தம் போகிறது, ஓடும்போது வியர்வையிலும் கொஞ்சம் இரும்புச்சத்து போகிறது, சாப்பாட்டில் வருவது குறைவு. வெறுங்காலில் மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு தோல் வழியாக உள்ளே போய் ரத்தத்தைக் குடிக்கும். ஆகவே ஷூ என்பது ஆடம்பரம் இல்லை. பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசுவது எங்களுக்கும் தெரியும். வயிறு பிரட்டுகிறது என்பார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அது குறையும். மாத்திரையோடு டீ, காபி கூடாது, சத்து உடம்பில் சேராது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு இவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும். ஆனால் ரத்தசோகை வந்துவிட்டால் கீரை மட்டும் போதாது, டாக்டர் சொல்கிற நாள் வரை மாத்திரை வேண்டும்.

இன்னொன்று. "ஓடுற பொண்ணுக்கு மாதவிலக்கு நின்னா நல்லதுதான், தொந்தரவு இல்ல" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். இது தப்பு. மூன்று மாதம் வராமல் போனால், பெரும்பாலும் ஓடுகிற உழைப்புக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014-ல் இதைப் பற்றி எச்சரித்தது. அந்த நிலையில் எலும்பு பலவீனமாகி விரிசல் விடும். ஒல்லியாகி ஒரு சீசன் வேகமாக ஓடலாம், அடுத்த சீசனில் காலில் கட்டு. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் எந்தப் பயிற்சியாளரிடமும் அம்மா கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

இதெல்லாம் பயிற்சியாளரின் நோட்டில் இருக்காது. பொண்ணுக்கு எப்போது மாதவிலக்கு வந்தது, காலையில் சாப்பிட்டாளா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாள், போட்டிக்கு முன்வாரம் சளி பிடித்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முடிவைக் கணிக்க உதவுவதில் பாதி அதுதான்.

யாராவது வந்து சொன்னால்

விளையாட்டு பெரிதாகிற இடத்தில் வியாபாரமும் வரும். எச்சில் எடுத்து மரபணு சோதனை செய்து "உங்க பிள்ளை எந்த விளையாட்டில் ஜெயிக்கும்" என்று சொல்லும் சோதனைகள் விற்பனைக்கு இருக்கின்றன. 2015-லேயே உலக விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் சேர்ந்து, பிள்ளைகளின் திறமையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

வயசுச் சான்றிதழ் விஷயமும் உண்டு. "ரெண்டு வயசு குறைச்சுப் போட்டா நிச்சயம் பதக்கம்" என்று ஒரு ஊரில் ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்களிடம் கேட்டதால் தெரிந்தது. கையின் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயசு பார்க்கும் சோதனை தேசிய அளவில் நடக்கிறது. பிடிபட்டால் பொண்ணுக்குத் தடை வரும். அதைவிட, நம்ம பிள்ளை சரியான வயசில் ஓடி எட்டாவது வரும்போது, முன்னால் போன ஏழு பேரில் எத்தனை பேர் உண்மையில் அந்த வயசு என்று யாருக்குத் தெரியும்? கணிப்பு தப்பிப் போக இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் சொன்ன கணிப்பு என்ன ஆனது

குழு அன்று கடன் கொடுத்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. தீர்மான நோட்டில் "மகளின் விளையாட்டுச் செலவு" என்று எழுதினார்கள். நாங்கள் சொன்ன "முதல் பத்து" என்பதை நல்லவேளையாக எழுதவில்லை.

பொண்ணு 34-ஆவதாக வந்தாள்.

அம்மா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது. வாங்கி வைத்திருந்த சான்றிதழ்களையும் முடிவுத் தாள்களையும் மறுபடி எடுத்து, இந்த முறை தேதி வரிசையில் அடுக்கினோம். ஜூலையில் ஒரு போட்டியில் முதலிடம். செப்டம்பரில் இரண்டாமிடம். நவம்பர் மாவட்டத் தேர்வில் ஐந்தாமிடம், அதுவும் ஜூலையில் அவள் சுலபமாக முந்தின இரண்டு பேர் அவளுக்கு முன்னால். இறங்குமுகம் கண்ணுக்கு நேராக இருந்தது. நாங்கள் ஜூலைச் சான்றிதழின் தங்க எழுத்தைப் பார்த்தோம், நவம்பரை "பரீட்சை நேரம், களைப்பு" என்று தள்ளிவிட்டோம். இப்படி ஒரு தவணைச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு உறுப்பினர் பெரிய கடன் கேட்டிருந்தால் குழு உடனே கேள்வி கேட்டிருக்கும்.

பிப்ரவரியில் கிராம சுகாதார செவிலியரிடம் அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் 9.4. அந்த ரத்தத்தோடு நாலு கிலோமீட்டர் மேடு ஏறி இறங்கி, நடுவில் நிற்காமல் முடித்திருக்கிறாள். ஓட்டம் முடிந்து கண் இருட்டிக்கொண்டு வந்ததாக அப்போதுதான் சொன்னாள். "சொன்னா ஓட விட மாட்டீங்கன்னு சொல்லல" என்றாள்.

மாத்திரையும் பூச்சி மாத்திரையும் தொடங்கி, மே மாதம் மறுபடி பார்த்தபோது 11.7. அம்மா இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எந்த ஊர், எத்தனையாவது, யார் முன்னால், யார் பின்னால், ரத்த அளவு என்று எழுதி வைக்கிறார். மாதவிலக்குத் தேதியைப் பொண்ணே பென்சிலில் எழுதுகிறாள். கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி, ஒன்றும் தள்ளிப் போகவில்லை. அடுத்த மாவட்டத் தேர்வு நவம்பரில். போன கூட்டத்தில் அந்த மூத்த உறுப்பினர் மறுபடி கேள்வி கேட்டார். எங்களைப் பார்த்து இல்லை, அம்மாவைப் பார்த்து: "இப்ப எவ்வளவு ஏறியிருக்கு, பன்னெண்டு ஆச்சா?"